அன்றைக்கு யார் முறை

ஜூன் 4

வாண்டுவின் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன மாதம் வாண்டு போனில் பேசியபோது, "அம்மா படி ஏறச் சிரமப்படறாங்கப்பா" என்றாள். அதைச் சொன்ன கையோடு, "சரிப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். ஒன்பது வருடமாக என்னோடு பேச ஆரம்பித்தாலே அவளுக்குக் கிளாஸுக்கு நேரமாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும்தான்.

மறுபடியும் கடிதமா என்று சலித்துக்கொள்ளாதே. "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா தெருவே கேக்குது, இனிமே எதுவா இருந்தாலும் எழுதிச் சொல்லுங்க" என்று சமரச மையத்து அம்மா சொன்னார் இல்லையா? எத்தனையோ உத்தரவு போட்டார்கள். நாம் இருவரும் ஒழுங்காகக் கேட்டு நடப்பது அது ஒன்றைத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மேல்முறையீடு பட்டியலில் வந்துவிட்டது. ஜூலை 15. நம்பவே முடியவில்லை. அந்த வழக்குக் கட்டு எங்கேயாவது கரையான் வயிற்றில் ஜீரணமாகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓடிப்போய் வக்கீலைப் பார்த்தேன். மனுஷன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"சார், பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. இனிமே அவங்க யாரோட இருக்கணும்னு எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது. நீங்க கேட்டதே 'குழந்தைய என்கிட்ட விடுங்க'ன்னுதான். குழந்தையே இல்லாதப்போ எதை விடுவாங்க? வழக்கு பயனத்துப் போச்சுன்னு ஒரு வரி எழுதி ரெண்டு நிமிஷத்துல மூடிடுவாங்க."

"ஆள் இறங்கிப் போயிட்டாங்கன்னு பழுதான லிப்டை அப்படியே விட்டுட்டு வந்தா என்னை வேலையில வெச்சிருப்பாங்களா சார்?" என்றேன்.

"லிப்ட் திரும்ப ஓடும். இந்தக் கேஸ் ஓடாது" என்றார்.

வாண்டு யாரோடு இருந்தாள் என்பதில் எனக்கு இப்போது எந்தச் சண்டையும் இல்லை. நீ நன்றாக வளர்த்திருக்கிறாய். எனக்கு வேண்டியது ஒரே வரி. கீழ்க்கோர்ட் தீர்ப்பின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறதே, அது. உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மனப்பாடம்: "தந்தை, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர மறந்ததோடு, அதை மறைக்கப் பொய்யும் சொல்கிறார். ஒரு குழந்தையை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் அல்லர்."

நானும் என் மனைவியும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். நாலு வயதுப் பெண். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: "குழந்தை தொடர்பாக உங்களுக்கு எதிராக நீதிமன்றம் ஏதேனும் சொல்லியிருக்கிறதா?" சொல்லியிருக்கிறதே.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். அந்த வரியால் எனக்கு இன்றைக்கும் கெடுதல் நடக்கிறது என்று காட்டினால், எதிர்த்தரப்பும் குறுக்கே நிற்காவிட்டால், நீதிபதி மனசு வைத்துக் கேட்கலாமாம். அந்த எதிர்த்தரப்பு நீதான். எனக்காக நீ எதுவும் சொல்ல வேண்டாம். மூடிவிடுங்கள் என்று உன் வக்கீல் சொல்லாமல் இருந்தால் போதும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நிற்காதே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்.

இப்படிக்கு,
வாண்டுவின் அப்பா


ஜூன் 12

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமே. முழங்கால் பரவாயில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் நுண்ணோக்கி எட்டாது, நின்றால் கால் வலிக்கும். எங்கள் கூடத்தில் மேஜை போட்டவர் ரத்தப் பரிசோதனை செய்பவர்களைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

வாண்டு விடுதியில் நன்றாக இருக்கிறாள். சாப்பாட்டைக் குறை சொல்கிறாள், அதனால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுதான் கவலை. யாருக்காகவும் ஐந்து நிமிடம் காத்திருக்க மாட்டேன் என்கிறாள். படம் பார்க்கப் போக வேண்டியது, தோழி பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு இவள் திரும்பி அறைக்குப் போய்விட்டாளாம். "அஞ்சு நிமிஷம் நின்னா என்னடி கொறஞ்சு போகும்?" என்று கேட்டேன். "நான் நிக்க மாட்டேம்மா" என்றாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எதற்கு இப்போது அதையெல்லாம் கிளற வேண்டும்? ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அவளும் வளர்ந்துவிட்டாள். வழக்கு தானாகவே முடிகிறது என்றால் முடியட்டுமே. கோர்ட் கேட்க ஆரம்பித்தால் மறுபடியும் அந்தக் காலண்டர், அந்தப் போட்டோ, நான் கூண்டில் ஏறுவது, நீங்கள் கூண்டில் ஏறுவது. என்னால் முடியாது. விண்ணப்பத்தில் நடந்ததை எழுதி விளக்கம் கொடுங்கள். அந்த அதிகாரிகளும் மனிதர்கள்தானே.

என் வக்கீல் மனு தயார் செய்துவிட்டார். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் மேல்முறையீட்டில் தீர்க்க ஒன்றுமில்லை என்று நாலு வரி. அடுத்த வாரம் கையெழுத்துப் போடப் போகிறேன். தவறாக நினைக்காதீர்கள்.

உங்கள் மனைவியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தக் குழந்தை உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா


ஜூன் 19

வாண்டுவின் அம்மாவுக்கு,

நல்ல கதையாக இருக்கிறது! குழந்தை கிடைக்க வேண்டுமாம், ஆனால் கிடைக்கும் வழியில் குறுக்கே ஒரு மனுவைப் போடுவாயாம். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, உன் பழக்கமே அதுதான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வாருங்கள் என்பாய்.

விளக்கம் கொடுக்கச் சொல்கிறாய். கொடுத்தேன். கேள்.

போன செவ்வாய்க்கிழமை தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா வீட்டுக்கு வந்தார். என் மனைவி தையல் மிஷினை எல்லாம் ஒதுக்கிவைத்து, ஜன்னல் திரைச்சீலை புதிதாகத் தைத்துப் போட்டிருந்தாள். அந்த அம்மா அறைகளைப் பார்த்தார், பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார், நன்றாகத்தான் பேசினார். பிறகு மேஜையில் உட்கார்ந்து பையிலிருந்து தீர்ப்பின் நகலை எடுத்தார். பதினோராம் பக்கத்தை சத்தமாக வாசித்தார். என் மனைவி அதற்கு முன் அதைப் படித்ததில்லை. வழக்கு இருந்தது என்று தெரியும், வாசகம் தெரியாது. "பொய்யும் சொல்கிறார்" என்ற இடத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து, யாரும் கேட்காத தண்ணீரைக் கொண்டுவரப் போனாள்.

"நீங்க சொல்ற விளக்கத்த நான் நம்பலாம் சார். ஆனா என் நம்பிக்கைய ஃபைல்ல வெக்க முடியாது. கோர்ட் சொன்னதுதான் ஃபைல்ல இருக்கும்" என்றார் அதிகாரி. நான் ஐம்பது வயது ஆள். என் வீட்டு மேஜையில், என் நாற்காலியில், பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழந்தையை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். காப்பகத்தில் லிப்ட் இருக்கிறது. பொத்தானை அவள்தான் அழுத்த வேண்டும், வேறு யார் அழுத்தினாலும் திரும்பக் கீழே போய் முதலிலிருந்து வர வேண்டும். என் பிழைப்புக்குத் தோதான பிள்ளை.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா, அல்லது எனக்கு மட்டும்தானா? வாயைத் திறந்தால் சண்டை என்பதால் நம் இருவருக்கும் பதிலாக இரண்டு துணிக் கிளிப்புகள் பேசிக்கொண்டிருந்த காலம். சமையலறைக் காலண்டரில் அன்றைய தேதியில் நீல கிளிப் இருந்தால் வாண்டுவைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என் முறை. மஞ்சள் என்றால் உன் முறை. மாற்ற வேண்டுமென்றால், ஏற்றுக்கொள்கிறவர் தன் கையால் தன் கிளிப்பை மாட்ட வேண்டும். அதுதான் சட்டம். அன்றைக்குக் காலையில் நான், "பெரிய கட்டடத்துல சர்வீஸ் இருக்கு, இன்னிக்கு நீ போறியா?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளை மாட்டினாய். நான் பார்த்தேன். செருப்பு மாட்டிக்கொண்டே பார்த்தேன்.

சாயங்காலம் வந்தால் நீலம் இருந்தது. நீ அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாய். அது நாலாம் எண் சான்றாவணம் ஆனது.

ஒன்பது வருடமாக என் கண்ணையே சந்தேகப்படுகிறேன். ஆசைப்பட்டுப் பார்த்தேனோ? முந்தின நாள் மஞ்சளைப் பார்த்துக் குழப்பிக்கொண்டேனோ? ஒரு தரம் ஒழுங்காகக் கேட்டு, நீ பார்த்தது தப்பு என்று சொன்னால்கூட வாங்கிக்கொள்வேன். கேட்காமலே மூடுவதுதான் தாங்கவில்லை.

கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை யோசி.

வாண்டுவின் அப்பா


ஜூலை 5

வாண்டுவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உங்கள் கண் தப்புப் பண்ணவில்லை. நீங்கள் பார்த்தது மஞ்சள்தான். நான்தான் மாட்டினேன்.

மாட்டிவிட்டு மறந்துபோனேன். அன்று மதியம் விபத்துக் கேஸ்கள் வரிசையாக வந்தன, ரத்தப் பிரிவு பார்க்க ஆள் இல்லை. தலை நிமிர்ந்தபோது மணி ஆறு. அப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், பள்ளிக் காவலாளி அவளை சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவதைப் பார்த்த பிறகுதான் வந்தது. மூன்றரை மணியிலிருந்து மழையில் நின்றிருக்கிறாள். உடம்பெல்லாம் ஊறி, விரல் நுனி சுருங்கிப் போயிருந்தது. அழவில்லை. "இன்னிக்கு யார் முறைம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குத் துவட்டிவிட்டு, பால் சூடு பண்ணச் சமையலறைக்குப் போனேன். காலண்டரில் மஞ்சள் கிளிப். நீங்கள் இன்னும் வரவில்லை. கை தானாகப் போயிற்று என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தானாகப் போகவில்லை. நீலத்தைத் தேடினேன். அது ஜன்னல் ஓரம் விழுந்திருந்தது, குனிந்து எடுத்தேன், மாட்டினேன். சண்டையில் காட்டுவதற்கென்று போட்டோவும் எடுத்தேன். பிறகு பாலை எடுத்துக்கொண்டு போய் அவளிடம், "அப்பா முறைடா. அப்பா மறந்துட்டாரு" என்றேன்.

அன்று ராத்திரிச் சண்டையில் தப்பித்தால் போதும் என்றுதான் செய்தேன். அது காய்ச்சலாகி, நுரையீரலில் சளி கட்டி, அவள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பாள் என்றோ, நாம் பிரிவோம் என்றோ, அந்தப் போட்டோவை வக்கீல் கேட்பார் என்றோ நான் நினைக்கவில்லை. கேட்டபோது இல்லை என்று சொல்லியிருக்கலாம். கொடுத்தேன். கூண்டில் ஏறி சத்தியமும் செய்தேன்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு ரத்த மாதிரிக் குழாயில்கூடப் பெயரை மாற்றி ஒட்டியதில்லை நான். அதற்காகப் பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அதை இதுவரை சுவரில் மாட்டவில்லை. ஏன் மாட்டவில்லை என்று வாண்டு கேட்டால், ஆணி இல்லை என்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பதினெட்டு ஆனால் உங்கள் வழக்கு செல்லாது என்று என் வக்கீல் மூன்று வருடம் முன்பே சொன்னார். அன்றிலிருந்து நான் நாள் எண்ணினேன். அவள் பிறந்தநாளன்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வளர்ந்துவிட்டாளே என்று அழுகிறேன் என நினைத்து அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் அழுதேன். பெற்ற பெண்ணின் பிறந்தநாளில் இப்படி ஒரு சந்தோஷம் எந்தத் தாய்க்காவது வருமா? எழுதும்போதே கூசுகிறது.

மனுவில் கையெழுத்துப் போடவில்லை. வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மேடம், வழக்கு தானா சாகப்போகுது. நீங்க ஏன் போய் பொய்சாட்சி சொன்னேன்னு கழுத்த நீட்டணும்?" என்கிறார். 15ஆம் தேதி நானே எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

வாண்டுவின் அம்மா


ஜூலை 9

வாண்டுவின் அம்மாவுக்கு,

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் ஸ்பானரை எடுத்துச் சுவரில் எறிந்தேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது வருடம்! என் மகள் என்னிடம் ஒன்பது வருடமாக மணி பார்த்துக்கொண்டு பேசுகிறாள். அந்தப் போட்டோவைக் கோர்ட்டில் பெரிதாக்கிக் காட்டியபோது, நீ என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாயே, அதைப் பெண்ணை நினைத்து வருத்தம் என்று நான் நினைத்தேன். அடிப்பாவி.

இந்தக் கடிதத்தை இத்தோடு நிறுத்தி தபாலில் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். முடியவில்லை.

அன்றைக்கு நான் லிப்ட் குழிக்குள் இருந்தேன், போனில் சிக்னல் இல்லை என்று கோர்ட்டில் சொன்னேன் இல்லையா? குழிக்குள் இருந்தது உண்மை. மூன்று மணி வரை. அதற்கு மேல் வேலை முடிந்துவிட்டது. மொட்டை மாடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாலு பத்துக்குப் பள்ளிக் காவலாளி கூப்பிட்டார். "சார், பாப்பா நிக்குது, மழை வேற" என்றார். "இன்னிக்கு அவங்க அம்மா முறை. வருவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் போன் வேலை நேரத்தில் லாக்கருக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கூடத்தின் நம்பர் எனக்கு மனப்பாடம். கூப்பிடவில்லை. அங்கிருந்து பள்ளிக்கு பைக்கில் இருபது நிமிடம். போகவில்லை. ஏன் தெரியுமா? என்றைக்காவது ஒரு நாள் நீ மறக்க வேண்டும், நான் கை நீட்டிப் பேச வேண்டும் என்று காத்துக்கிடந்தேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் நாலு பேர் கேட்கட்டும் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குத் திரும்பவும் அதே நம்பர் வந்தது. திரையில் பார்த்தேன். எடுக்கவில்லை. காவலாளியே யாரையாவது ஏற்பாடு பண்ணுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னொரு டீ வாங்கினேன்.

கிளிப் உன்னுடையது. அந்த நேரம் என்னுடையது. மறந்தவளை விட, ஞாபகம் இருந்தும் போகாதவன்தான் மோசம். மறக்கவில்லை நான், கோர்ட் எழுதியது அந்த அளவுக்குத் தப்பு. "பொய்யும் சொல்கிறார்" என்றது சரி. "நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் அல்லர்" என்றதற்கு அன்றைய தேதிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த வரியை அழிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோர்ட்டுக்கு ஒரு வரியை முழுதாக அடிக்கத் தெரியும், முழுதாக விடத் தெரியும். பாதி அடிக்கத் தெரியாது.

முதலில் என் மனைவியிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு தையல் முழுக்க ஓட்டி முடித்துவிட்டு, "நாளைக்கு அந்தக் குழந்தை நின்னா?" என்று கேட்டாள். "நான் போவேன்" என்றேன். "யார் முறையா இருந்தாலுமா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு எழுந்து வந்து சாப்பாடு போட்டாள்.

15ஆம் தேதி நான் வரப்போவதில்லை. உன் பக்கத்தில் உட்கார எனக்கு முகமில்லை. என்ன ஆனது என்று எழுது.

வாண்டுவின் அப்பா


ஜூலை 16

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. நாலு பத்துக்கே தெரியுமா உங்களுக்கு! கொஞ்ச நேரம் கோபமாக இருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக உங்கள் மேல் நியாயமாகக் கோபப்பட்டேன். பிறகு அந்தக் கிளிப் ஞாபகம் வந்து, கோபமும் போய்விட்டது.

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். காலை பத்தரைக்கு உட்கார்ந்து, மதியம் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். கட்டைப் பிரிக்கும்போது தூசி கிளம்பித் தும்மினார்.

"பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு. அப்போ இங்க தீர்க்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

உங்கள் வக்கீல் தத்தெடுப்பு விஷயத்தைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். நான் எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணு சொல்லணும்மா, அந்தப் போட்டோ" என்று ஆரம்பித்தேன். நீதிபதி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"உட்காருங்கம்மா. சாட்சி கேக்கற கட்டமெல்லாம் தாண்டிப் போச்சு. இங்க இப்போ உங்களுக்குள்ள தீர்க்க வழக்கே இல்ல. வழக்கு இல்லாதப்போ யார் சொன்னது நெசம்னு நான் சொன்னா, அது தீர்ப்பாகாது. என் அபிப்பிராயம்தான் ஆகும். அதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது."

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் கட்டின் முதல் பக்கத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார். "ஆனா இவரு கெடுவுக்குள்ள மேல்முறையீடு பண்ணிட்டாரு. இத்தனை வருஷம் கேக்காம வெச்சிருந்தது நாங்க. நாங்க கேக்காததால வழக்கு செத்துப் போகும், கீழ்க்கோர்ட் எழுதின வார்த்தை மட்டும் உயிரோட இருந்து இவரப் போற எடமெல்லாம் துரத்தும்னா, அது நியாயமில்ல."

அந்தத் தீர்ப்பையே ரத்து செய்துவிட்டார். சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை. இனிமேல் அது யாரையும் கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான். நாலு நிமிடம். நகல் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோராம் பக்கம் இனி இல்லை.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் போனது திட்டு வாங்க. யாராவது அத்தனை பேர் முன்னால் "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டிருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். கேட்க ஆளில்லை. அந்த வாக்குமூலத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதிகாரியிடம் நகலைக் கொடுங்கள். குழந்தை நல்லபடியாக வீட்டுக்கு வரட்டும்.

வாண்டுவின் அம்மா


ஜூலை 24

வாண்டுவின் அம்மாவுக்கு,

நகல் கிடைத்தது. அதிகாரி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே, அன்றைக்கு நாலு பத்திலிருந்து ஆறு மணி வரை நான் என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சார், கோர்ட்டே அழிச்சுக் குடுத்துடுச்சு. நீங்களா வந்து திரும்ப எழுதிக் குடுக்கறீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஃபைல்ல இருக்கட்டும் மேடம்" என்றேன். குழந்தையைத் தருவேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மறுபடி வீட்டுக்கு வருகிறாராம். ஃபைலை மூடவில்லை, அதுவரை சந்தோஷம். பிட் அடித்தவன் போல இந்தத் தடவை உட்காரவில்லை நான்.

நீ எழுதியதில் ஒன்று என்னைக் குடைகிறது. திட்ட ஆளில்லை என்றாய். இருக்கிறாளே. ஒன்பது வருடம் நீயும் நானும் வாதி, பிரதிவாதி என்று மாறி மாறிப் பெயர் போட்டுக்கொண்டோம். மழையில் நின்றவள் பெயர் அந்தக் கட்டில் எங்கேயும் கட்சிக்காரராக இல்லை. நீதிபதி சொன்னது சரிதான், உனக்கும் எனக்கும் நடுவே இனித் தீர்க்க ஒன்றுமில்லை. அவள் யாருக்காகவும் நிற்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாயே. அதை நான் தினமும் ஒரு தடவையாவது நினைக்கிறேன்.

அவளுக்கு எழுதுவோம். தனித்தனியாக எழுதினால் நீ என் பங்கைக் குறைப்பாய், நான் உன் பங்கைக் கூட்டுவேன். அல்லது தலைகீழாக நடக்கும். ஒரே காகிதத்தில் எழுதுவோம். நீ முதலில் எழுது, நான் கீழே எழுதுகிறேன். அடிக்காமல், திருத்தாமல்.

வாண்டுவின் அப்பா


ஆகஸ்ட் 1

அன்புள்ள வாண்டு,

அம்மா எழுதுகிறேன். உனக்கு ஒன்பது வயதில், மழையன்று, "இன்னிக்கு யார் முறைம்மா?" என்று கேட்டாய். அப்பா முறை என்று சொன்னேன். பொய். அன்று என் முறை. காலையில் மஞ்சள் கிளிப்பை நான்தான் மாட்டினேன். மறந்துபோனேன். நீ ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தபோது, சமையலறையில் அதை எடுத்துவிட்டு நீலத்தை மாட்டினேன். கோர்ட்டிலும் அதையே சொன்னேன். அப்பாவிடம் நீ கேட்காமல் விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான்தான் காரணம். இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. வெட்கமாக இருக்கிறது, கண்ணு.

அப்பா எழுதுகிறேன். அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே. காவலாளி எனக்கு நாலு பத்துக்கு போன் பண்ணினார். நீ நிற்கிறாய், மழை பெய்கிறது என்றார். அம்மா முறை என்று சொல்லிவிட்டேன். ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் வந்திருக்கலாம். அம்மாவை மாட்டிவிட வேண்டும் என்று உன்னை நிற்க விட்டேன். அதை மறைக்க நானும் கோர்ட்டில் பொய் சொன்னேன். அம்மா மறந்தாள், நான் மறக்கவில்லை. நீ எங்களை எதுவும் கேட்கலாம், எதுவும் கேட்காமலும் இருக்கலாம்.

இரண்டு பேரும் எழுதுகிறோம். வழக்கு முடிந்துவிட்டது. யார் செய்தது தப்பு என்று கோர்ட் சொல்லவில்லை, சொல்ல முடியாதாம். நாங்களே சொல்லிவிட்டோம்.

வரும் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு உன் விடுதி வாசலுக்கு இரண்டு பேரும் வருகிறோம். அன்றைக்கு இரண்டு பேர் முறையும்தான். நீ இறங்கி வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. மழை பெய்தாலும் ஆறு மணி வரை நிற்போம்.

அம்மா
அப்பா